மெமரி கார்டில் இருந்த படங்கள் போய்விட்டனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படமெடுப்பதுதான் பிழைப்பு. கார்டிலிருந்து படங்களை மீட்கும் வேலையை, சொந்தத் தவறு ஒன்றைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டேன். அதைக் கீழே சொல்கிறேன். தைப்பூசம் முடிந்த மறுவாரம் எங்கள் கடைக்கு வந்தால் பார்க்கலாம், வெள்ளி ரதத்தின் பின்னால் மணிக்கணக்கில் நடந்து எடுத்த படங்களைத் தொலைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு கார்டோடு நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அவர்கள் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கடைக்கு வராமல் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டேன். உடனே என்ன செய்வது?

கேமராவை அணைத்துவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதை ‘லாக்’ பக்கம் தள்ளிவிடுங்கள். மைக்ரோ எஸ்டியில் பூட்டு கிடையாது. அதை அடாப்டரில் செருகி, அடாப்டரின் பூட்டைத் தள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். “கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க நாலு படம் எடுத்தேன்” என்று பலர் சொல்வார்கள். அந்த நாலு படம் உட்கார்ந்த இடத்தில்தான் உங்கள் பழைய படங்கள் இருந்திருக்கும். மீட்பு மென்பொருளை அதே கார்டில் இறக்கி வைப்பதும் இதே தவறுதான்.

அழித்த படம் எப்படித் திரும்ப வரும்? அழித்தால் போய்விடாதா?

மளிகைக் கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரக்கு கிடங்கில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் ‘அழி’ என்றதும் கேமரா பேரேட்டில் அந்த வரியை அடித்துவிடுகிறது. கிடங்குக்குள் போய்ச் சரக்கை எடுத்து வெளியே எறிவதில்லை. அடுத்த சரக்கு வந்து அந்த அடுக்கில் ஏறும்வரை பழையது அங்கேயேதான் இருக்கும்.

32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகளில் இருக்கும் பேரேட்டுக்கு ஃபேட்32 என்று பெயர். அதில் கோப்பின் பெயரில் முதல் எழுத்து மட்டும் வேறொரு குறியாக மாற்றப்படும். சரக்கு எந்தெந்த அடுக்கில் தொடர்கிறது என்ற குறிப்பும் அழிந்துவிடும். பெரிய எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளில் எக்ஸ்ஃபேட் இருக்கும். அங்கேயும் ‘இந்த வரி செல்லாது’ என்று ஒரு சின்ன மாற்றம்தான்.

ஒரு விதிவிலக்கு. சில சாதனங்கள் அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கார்டுக்கே கட்டளை கொடுத்துவிடும். அப்படிக் காலியான இடத்திலிருந்து எதையும் மீட்க முடியாது.

கேமராவிலேயே ஃபார்மெட் செய்துவிட்டேன். அதற்கும் வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. கேமரா சாதாரணமாகச் செய்யும் ஃபார்மெட், புதுப் பேரேடு போடுவதுதான். பழைய சரக்கு கிடங்கில் இருக்கும். ஆனால் கேனான் போன்ற சில கேமராக்களின் மெனுவில் ‘லோ லெவல் ஃபார்மெட்’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்து ஃபார்மெட் செய்திருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

என் தவறும் இதுதான். பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, மாலை வரவேற்புக்குக் கார்டு மாற்றும்போது, இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு என்பதால் காலையில் எடுத்த கார்டையே மறுபடி செருகி, ஃபார்மெட் செய்து, மேடைப் படங்களை எடுக்க ஆரம்பித்தேன். ஏறக்குறைய எண்பது படம் எடுத்த பிறகுதான் பையில் இருந்த இன்னொரு கார்டைத் திறந்து பார்த்தேன். அது காலியாக இருந்தது. கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஃபார்மெட் ஆன கார்டில் கேமரா மறுபடி தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வரும். அதனால் காலையில் முதலில் எடுத்தவை போய்விட்டன. மாப்பிள்ளை அழைப்பு இல்லை, காப்புக் கட்டியது இல்லை. தாலி கட்டியதும் அதற்குப் பின் வந்தவையும் முழுசாக வந்தன. பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “தாலி இருக்கில்லையா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அந்த எண்பது படத்தோடு நான் நிறுத்தியிருக்காவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. கார்டை உடனே வெளியே எடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கல்யாணம்தான்.

கணினியில் போட்டால் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மெட் செய்ய வேண்டும்’ என்று கேட்கிறது. சரி சொல்லலாமா?

வேண்டாம். ‘கேன்சல்’ சொல்லுங்கள். பேரேட்டைப் படிக்க முடியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிக் கேட்கிறது.

முதலில் வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். எங்களிடம் ‘செத்துப்போச்சு’ என்று வரும் கார்டுகளில் சில, ரீடரை மாற்றியதும் அப்படியே திறந்துகொண்டிருக்கின்றன. பழைய ரீடர்கள் எஸ்டிஎச்சி வரைதான் படிக்கும், அவற்றில் 64 ஜிபி கார்டைப் போட்டால் கோளாறு போலத்தான் தெரியும். தங்க நிறத் தொடுமுனைகளில் அழுக்கு இருந்தால் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ கட்டளையை முதல் மருந்தாக ஓட்ட வேண்டாம். அது கார்டிலேயே எழுதித் திருத்தும். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் கார்டில் ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் ‘.சிஎச்கே’ என்று முடியும் கோப்புகளில் உங்கள் படங்கள் இருக்கலாம்.

எந்த மென்பொருள் நல்லது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

மென்பொருளுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முழுக் கார்டையும் ஒரே கோப்பாகக் கணினிக்கு நகலெடுங்கள். இதை இமேஜ் என்பார்கள். படங்களை மட்டும் நகலெடுப்பதைச் சொல்லவில்லை. காலி என்று காட்டும் இடத்தையும் சேர்த்து, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எடுக்க வேண்டும். 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி இடம் வேண்டும். நொடிக்கு 90 எம்பி படிக்கும் ரீடரில் சுமார் 12 நிமிடம் ஆகும். பழைய ரீடர் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம்.

நன்றாகப் படிக்கும் கார்டுக்கு விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போதும். அதில் ‘ரீட்’ பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், ‘ரைட்’ அழுத்தினால் கார்டு போய்விடும். தடுமாறும் கார்டு என்றால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தோம் என்று ஒரு குறிப்புக் கோப்பும் எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாகப்போகும் கார்டில் இந்த வரிசை மிக முக்கியம், ஏனென்றால் அது எத்தனை தடவை படிக்க விடும் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் அந்த இமேஜின் மேல் போட்டோரெக் ஓட்டுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. இலவசம், திறந்த மூலம். கறுப்புத் திரையில் எழுத்தாகத்தான் வரும், பார்த்ததும் பயப்பட வேண்டாம். அது பேரேட்டையே நம்பாமல், கிடங்கில் அடுக்கு அடுக்காகத் தேடிப் படத்தின் தொடக்கம் போலத் தெரிவதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். அதனால் பழைய பெயர்கள் வராது. எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகப் பெயரிட்ட கோப்புகள் வந்து குவியும். படம் எடுத்த தேதி கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளலாம்.

பெயரும் கோப்புறையும் அப்படியே வேண்டும் என்றால், அதே ஆசிரியரின் டெஸ்ட்டிஸ்க், அல்லது ரெக்குவா முயன்று பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் பல, எதெல்லாம் கிடைக்கும் என்று இலவசமாகக் காட்டிவிட்டு, சேமிக்கும்போதுதான் பணம் கேட்கும். முன்னோட்டத்தில் படம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

மீட்ட படங்களைக் கணினியிலோ வேறு டிஸ்க்கிலோ சேமியுங்கள். அதே கார்டுக்கு ஒருபோதும் வேண்டாம்.

படம் கிடைத்தது, ஆனால் பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

கேமராக்கள் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் வடிவம் ஜேபெக். கணினி அதை மேலிருந்து கீழாக வரிசையாகப் படித்துக் காட்டும். நடுவில் கொஞ்சம் தொலைந்தால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் இடம் நகரும், நிறம் மாறும், அல்லது சாம்பலாகிவிடும். அந்தத் தொலைந்த பகுதியின் மேல் வேறு படம் எழுதப்பட்டிருந்தால் அதை யாரும் திரும்ப உண்டாக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு நிரப்பிக் கொடுக்கும் முகம் உங்கள் ஆளின் முகம் ஆகாது. அதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை.

ஆனால் தேட வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு ஜேபெக்கும் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கும். எஃப்எஃப், டி9 என்று முடியும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு கேமராப் படத்தைத் திறந்து பார்த்தால், தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே மறுபடி ஒரு எஃப்எஃப், டி8 வரும். படத்துக்குள் இருக்கும் குட்டிப் படம் அது. கேமராத் திரையில் சிறிதாகக் காட்டுவதற்காகப் பதித்து வைத்தது, பொதுவாக 160க்கு 120 புள்ளிகள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா வந்தார். தண்ணீர்மலை முருகனுக்கு அவருடைய அப்பா பால்குடம் எடுத்து 513 படியும் ஏறிய படம் அவர் கார்டில் இருந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு அப்பா இல்லை. பெரிய படத்தின் மேல் ஒரு வீடியோ ஏறிவிட்டது, முதல் சில கிலோபைட் மட்டும் தப்பியிருந்தது. அதற்குள் அந்தக் குட்டிப் படம் முழுசாக இருந்தது. குடம், நெற்றித் திருநீறு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் முகம், எல்லாம் தபால்தலை அளவில். அந்த அளவுக்கு மேல் பெரிதாக்கினால் கலைந்துவிடும் என்று சொன்னேன். அந்த அளவிலேயே அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார்.

ஜேபெக்காகச் சுருக்காமல், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி. பல கேமராக்களின் ரா கோப்புக்குள் பெரிய ஜேபெக் ஒன்று பதிந்திருக்கும். ரா திறக்காவிட்டாலும் அதைத் தனியே பிரித்தெடுக்கலாம்.

வீடியோ கோப்பு இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, ஓடவில்லை. ஏன்?

பதிவு நடக்கும்போது பேட்டரி தீர்ந்ததா? யாராவது கார்டை இழுத்தார்களா? அப்படியென்றால் காரணம் தெளிவு. எம்பி4, மூவ் கோப்புகளில் காட்சியும் ஒலியும் ஒரு பகுதியில் கொட்டிக்கொண்டே போகும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை தனி. ‘மூவ் ஆட்டம்’ என்பது அதன் பெயர். பெரும்பாலான கேமராக்கள், பதிவை நிறுத்திய பிறகுதான் அந்த அட்டவணையை எழுதும். நிறுத்துவதற்குள் மின்சாரம் போனால் அட்டவணை இல்லை. காட்சிகள் இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது.

கோப்ரோ என்ற சின்ன வீடியோ கேமரா என்றால் கார்டைத் திரும்ப அதே கேமராவில் போட்டு இயக்குங்கள், அதுவே சரிசெய்யப் பார்க்கும். மற்றவற்றுக்கு ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணை கட்டிக் கொடுக்கும். 4கே என்றால் 4கே மாதிரி, 25 ஃபிரேம் என்றால் 25 ஃபிரேம் மாதிரி. இதில் அசட்டையாக இருந்தால் ஒலி மட்டும் வரும், அல்லது எதுவும் வராது.

அழிந்த வீடியோவை மீட்பது, அழிந்த படத்தை மீட்பதைவிடக் கஷ்டம். படம் சில எம்பிதான், ஒரே இடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். வீடியோவோ ஜிபி கணக்கு, துண்டு துண்டாகச் சிதறியிருக்கலாம். கோப்ரோ ஒரே நேரத்தில் பெரிய வீடியோவையும் முன்னோட்டத்துக்கான சின்ன வீடியோவையும் எழுதுவதால், இரண்டின் துண்டுகளும் கலந்து கிடக்கும். போட்டோரெக் கொடுக்கும் கோப்பு சில நொடி ஓடி நின்றால் காரணம் அதுதான். கேமராவின் எழுதும் முறையைத் தெரிந்துகொண்டு துண்டுகளைக் கோக்கும் மென்பொருள்கள் தனியாக உள்ளன.

ஐபோன் படங்கள் கணினியில் திறக்கவில்லை. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஹெச்இஐசி வடிவமாக இருக்கும், உங்கள் கணினிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. அதற்கான நீட்சியை, அதாவது கூடுதல் மென்பொருளைச் சேர்த்தால் திறக்கும். வீடியோவுக்கு விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

ஹேண்ட்போனுக்குள் இருந்த படங்களை அழித்துவிட்டேன். மீட்க முடியுமா?

போனுக்குள்ளேயே இருந்தவை என்றால், கார்டு கதை இங்கே பொருந்தாது. இப்போதைய போன்களில் உள்நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டிருக்கும், காலி இடத்தைப் போனே அவ்வப்போது துடைத்துவிடும். குப்பைத்தொட்டியில்தான் நம்பிக்கை. கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்தவை 60 நாளும், ஐபோனில் 30 நாளும் அங்கே இருக்கும். ஆண்ட்ராய்டில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால், ‘.டிராஷ்டு’ என்று தொடங்கும் பெயரோடு சில படங்கள் கிடக்கலாம். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரிடம் கேளுங்கள், தரம் குறைவாக இருந்தாலும் படம் படம்தான்.

போனில் போட்டிருந்த மைக்ரோ எஸ்டி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கார்டை ‘உள்நினைவகமாக’ ஃபார்மெட் செய்திருந்தாலோ, மறையாக்கம் செய்திருந்தாலோ, திறவுகோல் அந்தப் போனில் இருக்கிறது. போனை ரீசெட் செய்தால் திறவுகோல் போய்விடும், பிறகு கார்டில் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. ‘போனை ரீசெட் செய்தால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் முதலில் இதைப் பாருங்கள்.

கேமரா நனைந்துவிட்டது. கார்டு பிழைக்குமா?

கேமரா போனாலும் கார்டு பெரும்பாலும் பிழைக்கும். பத்து பெரிங்கி கடலில் விழுந்தது என்றால், நல்ல தண்ணீரில் கார்டை அலசிவிட்டுக் காய வையுங்கள். உப்பு காய்ந்து தொடுமுனையில் படிந்தால் அரிக்கும். தைப்பூசத்தில் எங்களுக்கு இதைவிட அதிகமாக வருவது தேங்காய்த் தண்ணீர். ரதம் வரும்போது சாலையில் தேங்காய் உடைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்தால், தெறிப்பது கார்டு மூடிக்குள் போய்ச் சர்க்கரைப் பிசினாக ஒட்டும். அதையும் நல்ல தண்ணீரால் அலசலாம். ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் காயவிட்ட பிறகுதான் ரீடரில் போட வேண்டும். ஹேர் டிரையர் வேண்டாம், அரிசி டப்பாவும் வேண்டாம்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய 512 ஜிபி கார்டு. பாதிப் படங்கள் திறக்கவில்லை. ஏன்?

போலிக் கார்டாக இருக்கலாம். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி, 512 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் எழுதுவது காற்றில் போகும், அல்லது முன்னால் இருந்ததன் மேலேயே ஏறும். பெயரும் அளவும் பட்டியலில் அழகாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. எழுதப்படாத படத்தை மீட்க வழியில்லை. புதுக் கார்டு வாங்கினால், முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓட்டி, முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு கார்டையும் நான் இப்படிப் பார்க்கிறேன்.

எந்த ரீடரிலும் தெரியவே இல்லை. இனி?

இங்கே வீட்டு வைத்தியம் முடிகிறது. முழு அளவு எஸ்டி கார்டுகள் சிலவற்றில் நினைவகச் சில்லு தனியாக இருக்கும், அதை ஆய்வகத்தில் பிரித்துப் படிப்பார்கள். மைக்ரோ எஸ்டியில் எல்லாம் ஒரே கட்டி. மேல்பூச்சைச் சுரண்டி, அடியில் இருக்கும் நுண்ணிய புள்ளிகளில் மயிரிழைக் கம்பிகளை ஒட்டி, படித்ததைக் கணினியில் மறுபடி ஒழுங்குபடுத்த வேண்டும். எங்கள் கடையில் அந்த வசதி இல்லை. நுணுக்கமான வேலை என்பதால் செலவும் கூடுதல், நாளும் கூடுதல்.

எந்தக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும், கோம்தாரோ கோலாலம்பூர் லோ யாட்டோ, கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, படம் கிடைக்காவிட்டால் எவ்வளவு, கிடைத்தவற்றின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவீர்களா, வேலை இங்கேயே நடக்கிறதா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா. வாயால் சொன்னதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ‘நூறு சதவீதம் மீட்டுத் தருகிறேன்’ என்று கார்டைப் பார்க்காமலே சொல்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

கடையில் என் வீட்டுப் படங்களையெல்லாம் பார்ப்பீர்களா?

கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். திறக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் எப்போதோ அழித்தவையும் சேர்ந்து வரும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். பெண்கள் சிலர் இதைக் கேட்கத் தயங்கி, கார்டையே கொடுக்காமல் போயிருக்கிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், வேலை முடிந்ததும் எங்கள் பிரதியை உங்கள் கண்முன்னாலேயே அழிக்கச் சொல்லலாம். கார்டை விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், சாதாரண ஃபார்மெட்டோடு விடாமல், முழுவதையும் மேலெழுதி அழித்துவிட்டுக் கொடுங்கள்.

இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

இரண்டு கார்டு போடும் கேமராவில் ‘பேக்கப்’ முறையைப் போடுங்கள், ஒவ்வொரு படமும் இரண்டிலும் எழுதப்படும். எடுத்து முடித்த கார்டைப் பூட்டித் தலைகீழாகப் பெட்டியில் வையுங்கள். கணினிக்கும் இன்னொரு டிஸ்க்குக்கும் நகல் போய், இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மெட். ஃபார்மெட்டைக் கணினியில் செய்யாமல் கேமராவில் செய்யுங்கள். பேட்டரி சிவப்பு காட்டினால் வீடியோவை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

மீட்ட பிறகு அந்தக் கார்டை மறுபடி பயன்படுத்தலாமா?

நீங்கள் தவறி அழித்தது என்றால் கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. மீட்டவற்றைச் சரிபார்த்த பிறகு கேமராவில் ஃபார்மெட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். காரணம் தெரியாமல் தானாகக் கெட்டது என்றால் வேண்டாம். எங்கள் கடையில் அந்த மாதிரி கார்டுகளின் முதுகில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தனி டப்பாவில் போட்டுவிடுவோம். வாடிக்கையாளர் கேட்டால் தருவோம், கோட்டை மட்டும் அழித்துத் தர மாட்டோம்.